வெள்ளைத்தாய் ஏலத்துக்கு விட்ட ராணிக் காசு

அப்ரோஸ் பேகத்துக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். டிராக்டர் படம் போட்ட பழைய அஞ்சு ரூபாய் நோட்டு ஒன்று போதும். அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையைத் துண்டில் சுற்றி, துண்டை மஞ்சப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எவனாவது கடைப்படி ஏறினால் அவளுக்கு உச்சந்தலை சூடாகிவிடும். வந்தவன் எத்தனை லட்சம் போகும் என்று கேட்பான். "அஞ்சு ரூவா போகும், ஒரு டீகூடக் கிடைக்காது" என்பாள். அவன் நம்ப மாட்டான். செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுவான். கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தன், இந்த நோட்டு உங்களிடம் இருந்தால் நீங்கள்தான் அடுத்த கோடீஸ்வரர் என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருப்பான். அந்த வீடியோக்காரன் மட்டும் ஒரு நாள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கட்டும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மறுபேச்சு என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

கடை, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருந்தது. ஒரு மேசை, ஒரு லென்ஸ், ஒரு சின்னத் தராசு, பூட்டுப் போட்ட பீரோ, அவ்வளவுதான் கடை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒரு அடகுக் கடைக்குப் பில் எழுதப் போனாள். மீட்க ஆளில்லாமல் மூழ்கிப் போகிற நகைகளோடு பழைய வெள்ளிக் காசுகளும் உருக்கப் போகும். அப்படி உருகிப்போன ஒரு காசை மதுரையில் ஒருத்தர் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு காசாக வாங்கிப் பழகினாள். வீட்டுக்காரர் அய்யூப் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "செல்லாத காசை வாங்கிச் சேக்குதா எம் பொண்டாட்டி" என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

மதுரையில் இருக்கிற ஒரு ஏலக் கம்பெனி வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் பழங்காசு ஏலம் விடும். இந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்களிடம் காசை வாங்கிப் பார்த்து, இன்ன விலை போகும் என்று சொல்லி, ஏலத்தில் சேர்த்துவிடுவது அப்ரோஸ் பேகத்தின் வேலை. காசைப் பார்ப்பது ஒன்றும் சிரமமில்லை. விலையைச் சொல்கிற இடத்தில்தான் உயிர் போகும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ரிட்டயர் ஆன ஒருத்தர், ஊரெல்லாம் கிடைக்கிற ஒரு காசுக்கு இரண்டு லட்சத்துக்குக் குறைந்து கேட்கவே கூடாது என்று பிடிவாதமாக அடிவிலை வைத்தார். ஏலத்துக்கு ஏலம் அது போகாமல் திரும்பி வந்தது. அவர் அப்ரோஸ் பேகத்தின் ராசியைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார். வத்திராயிருப்பிலிருந்து வந்தவர் ஏலத்துக்கு முந்தின நாள் காசையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று கொண்டுவந்து கொட்டினார். பழங்காசின் மேல் இருக்கிற அந்தக் கறுப்புக்குத்தானய்யா விலையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது, "அழுக்குக்கா துட்டு குடுக்கான்?" என்று அவர் சிரித்தார்.

இப்படி ஆள்களிடம் மாட்டிச் சீரழிந்ததில் அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். முதல் வார்த்தையே குறைந்த விலையாகச் சொல்லிவிடுவது. கேட்கிறவன் முகம் சுருங்கினால் சுருங்கட்டும். ஆசையை ஏற்றிவிட்டு மண்டபத்தில் வைத்து உடைப்பதைவிட இங்கேயே உடைத்துவிடுவது புண்ணியம். அதனாலேயே அவளுக்கு ஊரில் கெட்ட பெயர். அந்தம்மா வாயைத் திறந்தால் ஆகாத பேச்சுத்தான் வரும் என்றார்கள்.

வெள்ளைத்தாய் வந்தது ஆடி மாதம். சோழபுரத்துக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. புருஷன் தவறிய பிறகு அண்ணன் பாண்டிதுரை வீட்டில் இருந்தாள். அண்ணன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், பம்புசெட்டும் தென்னந்தோப்புமாக வசதியான ஆள். தங்கச்சிக்குக் கொடுத்திருந்தது உர மூட்டை அடுக்கியிருந்த அறையில் பாதி. மூட்டை வருகிற நாளில் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்த வெள்ளி ரூபாயை எடுத்து மேசையில் வைத்தாள். விக்டோரியா ராணி தலை போட்ட காசு. அம்மா கழுத்துச் சரட்டில் கிடந்தது, சாகும்போது கழற்றித் தன் கையில் கொடுத்தாள் என்றாள்.

அப்ரோஸ் பேகம் லென்ஸை வைத்துப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு குதி குதித்தாள். அபூர்வமாகக் கண்ணில் படுகிற அச்சு அது. ஆனால் விளிம்பில் சரடு கோக்க வளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "நல்ல காசுதான். முப்பதாயிரம் போகும். நேரம் நல்லா இருந்தா முப்பத்தஞ்சு. அந்தத் தடம் மட்டும் இல்லேன்னா இன்னும் பத்து சேத்துச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"ஒன்றரை லட்சம் வேணும்க்கா" என்றாள் வெள்ளைத்தாய்.

"வேணும்னா?"

"ஸ்ரீவில்லிபுத்தூருல ரெண்டு ரூம்பு வீடு ஒண்ணு ஒத்திக்கு வருதுக்கா. வீட்டுக்காரம்மா மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூரு போறாக. ஒன்றரை லட்சம் கட்டிட்டா மாச வாடகை கிடையாது. காலி பண்ணும்போது துட்டு அப்படியே திரும்பி வந்துரும். எனக்குன்னு ஒரு கதவு, அதுக்கு ஒரு சாவி. தீபாவளி வரைக்கும் பாப்பேன்னு சொல்லியிருக்காக."

அப்ரோஸ் பேகத்துக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. "ஏட்டி, உனக்கு எம்புட்டு வேணும்னு இந்தக் காசுக்குத் தெரியுமா? வாங்க வாரவனுக்குத் தெரியுமா? அவன் காசைப் பாப்பான், தடத்தைப் பாப்பான், போன தடவை இதே காசு எம்புட்டுக்குப் போச்சுன்னு பாப்பான். நீ உர மூட்டைக்கு நடுவுல படுத்திருக்கன்னு ஒத்த ரூவா கூட்டிப் போடுவானா?"

"எங்க ஊருல பங்குனிப் பொங்கலுக்கு வேல்ல குத்தின எலுமிச்சம்பழம் நாப்பத்தோராயிரத்துக்குப் போச்சே. ஒத்தப் பழம். எங்க அண்ணந்தான் எடுத்தான்."

வந்தது பார் உதாரணம்! அப்ரோஸ் பேகம் லென்ஸைக் கீழே வைத்துவிட்டாள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஏலம் என்றாலே கோயில் ஏலம்தான். எலுமிச்சம்பழம், தேங்காய், சாமி கும்பிட்ட சேவல் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். எடுத்தவன் வீட்டுப் பெண்கள் குலவை போடுவார்கள். பணம் அடுத்த வருஷப் பொங்கலுக்குக் கொடுத்தால் போதும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் காசு ஏலத்தைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

"அங்க பழத்தையா ஏலம் விடுதாக? வீம்பை ஏலம் விடுதாக!" என்றாள். "இங்க வாரவன் எல்லாம் கணக்குப் பாக்குறவன். பென்சில்ல எழுதிக்கிட்டு வருவான். முப்பத்தஞ்சுன்னு எழுதியிருந்தா முப்பத்தாறுக்குக் கை தூக்க மாட்டான். பட்டுன்னு புஸ்தகத்தை மூடிருவான்."

"அந்த ஏலத்துக்கு யாரு வேணா வரலாமாக்கா?"

"ஆதார் கார்டைக் காட்டி அஞ்சாயிரம் டெபாசிட் கட்டினா யாரு வேணா வரலாம். நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ என்ன கேக்குத?"

"சும்மா கேட்டேன்."

அதற்குப் பிறகு சம்பள நாள் தோறும் வேலை விட்டுப் போகிற வழியில் வெள்ளைத்தாய் கடைக்கு வந்தாள். அப்ரோஸ் பேகம் பழைய ஏலப் புத்தகங்களை விரித்துப் போட்டுக் காட்டினாள். பார், இதே ராணி, இதே அச்சு, தடம் இல்லாதது, நாற்பத்திரண்டு. பார், இது தேய்ந்தது, பதினெட்டு. இதற்கு மேல் இந்த பூமியில் எவனும் கொடுத்ததில்லை. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். வெள்ளைத்தாய் ஒவ்வொரு படத்தையும் குனிந்து பார்த்து, சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டுவாள். எல்லாம் முடிந்து எழுந்து செருப்பை மாட்டும்போது, "ஒன்றரை வந்துரும்க்கா" என்பாள். அப்ரோஸ் பேகத்துக்கு அவளை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும்.

"அந்தக் காசுக்கு ஆசைப்பட்டு இருக்கிற வேலையையும் விட்டுராத" என்று ஒரு நாள் சத்தம் போட்டாள். "முப்பதை வாங்கி பேங்க்ல போடு. மிச்சத்தைச் சீட்டுப் போட்டுச் சேரு. இல்ல, உங்க அண்ணங்கிட்டக் கேளு. தென்னந்தோப்பு வச்சிருக்கிறவருக்கு ஒரு லட்சம் பெரிய காசா?"

அண்ணன் பேச்சு வந்ததும் வெள்ளைத்தாய் டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடிவிலை எழுதுகிற நாளில் சண்டை வரும் என்று அப்ரோஸ் பேகம் தயாராகத்தான் இருந்தாள். ஒன்றரை லட்சம் என்று எழுதச் சொல்லி அழிச்சாட்டியம் பண்ணுவாள், காசு போகாமல் திரும்பி வரும், ஒருமுறை திரும்பி வந்த காசை அடுத்த முறை எவனும் சீந்த மாட்டான், இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் இருபத்தையாயிரம் என்றதும் வெள்ளைத்தாய் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று அப்ரோஸ் பேகம் அன்றைக்கு டீயோடு ஒரு வடையும் சேர்த்து வாங்கிக்கொடுத்தாள். வெள்ளைத்தாய் வடையைத் தின்றுகொண்டே ஏலம் எந்தத் தேதி, காலையிலா மதியமா, மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டாள். ஒரே ஒரு ஆள் பஸ்ஸில் வருவதற்கு வண்டி நிறுத்துகிற இடம் எதற்கு என்று அப்ரோஸ் பேகத்துக்கு அப்போது தோன்றவில்லை.

ஏலத்தன்றைக்குத் தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நாற்காலி போட்டு, சேகரிப்பவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு பள்ளிக்கூடப் பரீட்சை எழுதுகிறவர்கள் போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பாண்டிதுரை. வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி, பட்டாளத்து மீசை. பின்னாலேயே சொந்தபந்தம். பெண்கள் தலைநிறையப் பூ வைத்திருந்தார்கள். அவர்கள் இடது பக்கத்து நாற்காலிகளை நிறைத்து முடிப்பதற்குள் இன்னொரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் மாரிச்சாமி. பாண்டிதுரைக்குப் பங்காளி. கோயில் ஏலத்தில் எதிர்த்துக் கேட்கிற ஆள். நாற்பதாயிரம் வரைக்கும் எலுமிச்சம்பழத்தை ஏற்றிவிட்ட புண்ணியவான். அவர் கூட்டம் வலது பக்கம் உட்கார்ந்தது. இரண்டு பேருமே வாசல் மேசையில் ஆதாரைக் காட்டி டெபாசிட் கட்டியிருந்தார்கள்.

அப்ரோஸ் பேகம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாயிடம் ஓடினாள். "ஏட்டி, இவியளை யாரு வரச் சொன்னா?"

"யாரும் வரச் சொல்லலைக்கா. அம்மா காசை ஏலத்துல விடப் போறேன்னு அண்ணங்கிட்டச் சொன்னேன். கேக்காம வித்தா நாளைக்குச் சண்டை வரும்ல. 'முப்பதாயிரத்துக்குக் காசு எதுக்கு, வித்துட்டுப் போ'ன்னான். பொறவு ரேஷன் கடை வரிசையில மாரிச்சாமி அண்ணன் வீட்டு மதினி நின்னாக. அவிய காதுலயும் போட்டு வச்சேன். அந்தக் காசு பெரிய தாத்தா காலத்துக் காசு, எங்களுக்கு வர வேண்டியதுன்னு அவிய ரொம்ப நாளா சொல்லுதாகளாம்."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசு ஏலத்துக்கு வந்தது. இருபத்தைந்தில் ஆரம்பித்து, பென்சில்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக மரியாதையாக ஏற்றினார்கள். கோவில்பட்டியிலிருந்து வருகிற ஒரு கண் டாக்டர் முப்பத்தெட்டு என்று கை தூக்கினார். மற்றவர்கள் புத்தகத்தை மூடினார்கள். அப்ரோஸ் பேகம் தன் கணக்கைவிட மூவாயிரம் கூடுதல் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்ட அந்த நொடியில் பாண்டிதுரை எழுந்து நின்றார்.

"நாப்பதாயிரம்!"

"நாப்பதாயிரத்து ஒண்ணு!" என்றது வலது பக்கம்.

மேடையில் இருந்தவர் மைக்கைத் தட்டி, ஐயா, ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏற்ற வேண்டும், ஒரு ரூபாய் எல்லாம் ஏற்ற முடியாது என்றார். மாரிச்சாமி, "அப்படியா, சரி, அம்பது" என்றார். கண் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அறுபது. எழுபது. அப்ரோஸ் பேகம் பாண்டிதுரையிடம் போய்க் குனிந்து, "அண்ணாச்சி, இது நாப்பது பெறாத காசு. விட்டுருங்க" என்று காதோடு சொன்னாள். "நீங்க செத்த சும்மா இருங்க பாயம்மா. எங்க வீட்டுக் காசு அவன் வீட்டுக்குப் போகவா? மீசையை வச்சுக்கிட்டு நான் ஊருக்குள்ள நடமாட வேண்டாமா?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு எண்பத்தைந்து என்று கை தூக்கினார். இன்னொரு பக்கம் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால் மாரிச்சாமி அவளைக் கண்டதுமே தொண்ணூறு என்றார். என்னடா இது எழவு என்று அவள் மண்டபத்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஏலக் கம்பெனி மேனேஜர் அவளிடம் ஓடி வந்தார். "யாரும்மா இவங்க? உங்க ஆளுங்களா? பணம் கட்டுவாங்களா? கட்டலைன்னா வித்தது செல்லாது, தெரியுமில்ல? காசு கெட்ட பேரோட திரும்பி வரும்."

அதைத்தான் அவளும் நினைத்தாள். இவர்கள் வாயால் ஏற்றுவார்கள். ஏலம் முடிந்ததும் அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள். கண் டாக்டர் முப்பத்தெட்டுக்கும் மறுபடி வர மாட்டார். வெள்ளைத்தாய்க்கு ஒன்றரையும் இல்லை, முப்பதும் இல்லை, ஒத்தி வீடும் இல்லை. பாவி மகளே, கைக்கு வந்ததையும் கெடுத்துக்கொண்டாயே என்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அசையவில்லை.

ஒரு லட்சம் தாண்டியதும் இடது பக்கத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். வலது பக்கத்துப் பெண்கள் அதைவிடச் சத்தமாகப் போட்டார்கள். சேகரிப்பவர்களில் ஒருத்தர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்தில் மாரிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுத்தியல் விழுந்தது. பாண்டிதுரையை அவருடைய மச்சான் ஒருத்தன் தூக்கிவிட்டான். மாலை ஒன்றுதான் குறை.

பணம் கட்டுகிற மேசையில்தான் வினை ஆரம்பித்தது. பாண்டிதுரை மீசையைத் தடவிக்கொண்டு, "ரூவா அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு வந்துரும், எழுதிக்கோங்க" என்றார். மேசையில் இருந்த பையன் சிரிக்காமல் சொன்னான். ஐயா, இன்றைக்குக் கால் பங்கு. மீதி ஒரு வாரத்துக்குள். கம்பெனி கமிஷனும் வரியும் தனி.

"தனியா?" என்றார் பாண்டிதுரை. கோயில் ஏலத்தில் பணம் சாமிக்குப் போய்த்தான் அவருக்குப் பழக்கம். "சரி, இந்தத் துட்டு எங்க போகுது? கம்பெனிக்கா?" என்றார்.

"கமிஷன் போக மிச்சம் காசைக் குடுத்தவங்களுக்குங்க. வெள்ளைத்தாய்னு இருக்கு."

பாண்டிதுரை திரும்பினார். பின்னால் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அவர் முகம் போன போக்கை அப்ரோஸ் பேகம் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். "இவளுக்கா? ஏலே, எங்க வீட்டுக் காசை நானே வாங்கி, எங்க வீட்டுப் பிள்ளைக்கே துட்டுக் குடுக்கணுமா? என்னலே கூத்து இது? எனக்கு வேண்டாம். எழுதினதை அடி!"

"முடியலைன்னா விடுங்க பங்காளி" என்று ஒரு குரல். மாரிச்சாமி வாசலில் தூணில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் கூட்டமும் வேனில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. "தங்கச்சிக்குக் குடுக்க உங்களுக்கு மனசு வரல. ஊருக்குத் தெரிஞ்ச விஷயந்தானே. நான் கடைசியாச் சொன்ன விலைக்கு எடுத்துக்கிடுதேன். அவளும் எனக்குத் தங்கச்சிதானே."

பாண்டிதுரை செல்போனை எடுத்தார். கால் பங்கு அங்கேயே ஏறியது. இரண்டு தடவை தப்பான நம்பர் அழுத்தியதை யாரும் சொல்லிக்காட்டவில்லை, மாரிச்சாமியைத் தவிர.

மீதிக்கான அந்த ஒரு வாரம் அப்ரோஸ் பேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாக, இல்லாத ஆசையை ஏற்றாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கண் முன்னாலேயே நாற்பது பெறாத காசுக்கு இவ்வளவு ஏறி, அது அந்தரத்தில் தொங்குகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அய்யூப்பையும் விட்டுவைக்கவில்லை, கறியில் உப்பு கூடுதலா என்று கேட்ட பாவத்துக்கு அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவள் கவலைப்பட்ட அளவுக்குச் சோழபுரம் கவலைப்படவில்லை. அங்கே மாரிச்சாமி டீக்கடையில் உட்கார்ந்து, "பங்காளி மீதியைக் கட்டிட்டாகளா?" என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். உரக்கடையில் கேட்டார். பம்புசெட்டுக்கு ஒயர் வாங்க வந்தவனிடம் கேட்டார். கடைசி நாளன்று மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மீதி, கமிஷன், வரி எல்லாம் ஏறிவிட்டது.

வெள்ளைத்தாய்க்குக் கமிஷன் போக ஒன்றரைக்கு மேலேயே பணம் வந்த அன்றைக்கு அப்ரோஸ் பேகமும் கூடப் போனாள். ஒத்திப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வெள்ளைத்தாய் கேட்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போது வாயை மூடிக்கொண்டு வர அப்ரோஸ் பேகத்தால் முடியவில்லை.

"ஏட்டி, எனக்கு ஒரு சந்தேகம். அம்புட்டு புஸ்தகத்தையும் விரிச்சுக் காட்டினேனே. தொண்டைத் தண்ணி வத்த வத்தச் சொன்னேனே. நீ சரிக்கா சரிக்கான்னு தலையாட்டினது எல்லாம் நடிப்பா?"

"இல்லக்கா. நீங்க சொன்ன விலைதான் சரி. முப்பத்தஞ்சுக்கு மேல அது பெறாது. எனக்குத் தெரியும்."

"பொறவு எந்த நம்பிக்கையில ஒன்றரை ஒன்றரைன்னு எம் பிராணனை வாங்கின? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?"

விட்டிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். அப்ரோஸ் பேகம் கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இந்தப் பெண்ணை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வெள்ளைத்தாய்தான் பிறகு பேசினாள். யாரையும் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை.

"அப்பா செத்த வருசத்துல இருந்து அண்ணங்கிட்ட எம் பங்கைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்க்கா. தோப்புல பாதி கேக்கல. பம்புசெட்டுல பாதி கேக்கல. ஒரு ரூம்பு போட்டுக்க எடம் குடுன்னேன். 'பொம்பளைக்கு எதுக்கு'ன்னான். அம்மாவைப் பாத்துக்கிட்டதுக்காவது ஏதாவது குடுன்னு பெரிய மனுசங்களை வச்சும் கேட்டுப் பாத்தேன். குனிஞ்ச தலை நிமிராம சாப்புட்டுக்கிட்டே, 'பாக்கலாம்'ன்னான். ஒத்த ரூவா அவன் கையில இருந்து வாங்க முடியல. அன்னைக்கு மண்டபத்துல பாத்தீகளா? நான் வாயே தொறக்கல. அவனா எந்திரிச்சு நின்னு, ஊரே பாக்க, கையத் தூக்கித் தூக்கி இன்னும் தாரேன், இன்னும் தாரேன்னு எம்புட்டு தடவை சொன்னான்!"

கண்டக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் இறங்குகிறவர்கள் எல்லாம் வாங்க என்று கத்தினான். வெள்ளைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.